பெயரும் சுட்டும்: மிகுபுனைவு விளையாட்டுகளில் பெயரிடுமுறை

முன்னுரை

அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் மரபன்று என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். பெயர் சுட்டப்படின் பொதுமை நீங்கிப் பாடல் ஒருவரது வரலாறாகிவிடும். நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் இடம்பெறவில்லை. எனினும் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுவதாகக் கொண்டு, அப்பாட்டை அகமென ஏற்க மறுத்தார் நச்சினார்க்கினியர். பெயரை விலக்கினாலும் அடையாளம் எஞ்சினால் வரலாறும் எஞ்சும் என்பதே இதனால் பெறப்படும் நுட்பம். மிகுபுனைவு விளையாட்டுகளின் கற்பனை நாடுகளை மதிப்பிடவும் இந்நுட்பம் துணைசெய்யும்.

ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, கற்பனை உலகில் கதையை வளர்த்துச் செல்வது இவ்விளையாட்டுகளின் இயல்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. எட் கிரீன்வுட் படைத்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்னும் உலகம் 1987 முதல் இதன் களங்களுள் ஒன்றாயிற்று.

டோல்கீன் வகுத்த நெறி

இவ்விளையாட்டுகளுக்குப் பெரிதும் ஊக்கம் தந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954-55) நாவலில் பெயரிடுதல் மொழியியல் அடிப்படையில் அமைந்தது. பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியரான டோல்கீன், குதிரை வளர்க்கும் ரோகன் நாட்டவர்க்கு அம்மொழியிலிருந்தே பெயர் கொண்டார். தியோடன் என்பது ‘அரசன்’ எனப் பொருள்படும். இயோவின் என்னும் பெயரின் முற்பகுதி குதிரையைக் குறிக்கும். பெயர் ஒத்திருப்பதாலேயே அம்மக்கள் பண்பாட்டிலும் பண்டை ஆங்கிலேயரை ஒத்தவர் எனக் கொள்ளலாகாது என்று நாவலின் பின்னிணைப்பில் அவர் குறித்துள்ளார். பெயர் எதைச் சுட்டும் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். அச்சுட்டுக்கு வரம்பும் கட்டினார்.

ஒப்புமையும் அதன் விலையும்

விளையாட்டுகளில் இவ்வரம்பு பெரும்பாலும் பேணப்படவில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகின் கீழ்த்திசைப் பகுதியாகிய காரா-தூரில் ஷோ லுங் சீனத்தையும், கோசகுரா, வா ஆகியவை ஜப்பானையும் ஒத்தன. இவற்றுள் ‘வா’ புனைந்த பெயரன்று. பண்டைச் சீன வரலாற்று நூல்கள் ஜப்பானியரைக் குறித்த பெயரே அது. இம்முறைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆடுவோர் நெடிய விளக்கத்திற்குக் காத்திருப்பதில்லை. பழகிய ஓசையுடைய ஒரு பெயர் உடை, படைக்கலம், அரசமைப்பு அனைத்தையும் நொடியில் உணர்த்திவிடும். ஆனால் அவ்வாறு உணர்த்தப்படுவது ஆடுவோர் முன்பே கொண்டிருந்த எண்ணமேயன்றி அம்மக்களின் வாழ்வு அன்று.

1991இல் வெளியான மாஸ்டிகா இதற்குத் தக்க சான்று. மேற்கே கடலுக்கப்பால் உள்ள இந்நிலத்திற்குப் பொன் தேடிப் படையுடன் வருகிறான் கார்டெல். அந்நாட்டின் தலைநகர் நெக்சல், ஆள்வோன் நால்டெகோனா, தெய்வம் இறகுடைய நாகவடிவினனாகிய கோட்டல். கோர்டெஸ், டெனோச்டிட்லான், மோக்டெசுமா, கெட்சால்கோட்டல் என்னும் பெயர்கள் எங்கும் இல்லை. ஆயினும் வேம்பு இருக்கிறது. 1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியப் படையை எவரும் அடையாளம் காண்பர்.

வேறுபாடு முடிவில் உள்ளது. வரலாற்றில் அந்நகரை 1520இன் பெரியம்மையும் 1521இன் முற்றுகையும் அழித்தன. புனைவில் தெய்வச் சினமும் எரிமலையும் நெக்சலை அழிக்கின்றன. அந்நாட்டாருள் ஒரு சாரார் அரக்க உருவங்களாக மாறிவிடுகின்றனர். பெயர் மாறியதனால் பொறுப்பும் இடம் மாறிற்று. படையெடுத்தோர் மேல் சாரவேண்டிய அழிவு அழிந்தோரின் வழிபாட்டின் மேல் சார்த்தப்பட்டது. பெயரை மாற்றுவது புனைவுக்கு உரிமை தரும். அவ்வுரிமை இங்கே வரலாற்றைத் திருத்தப் பயன்பட்டுள்ளது.

பட்டியலின் அளவு

பிற்கால நூல்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 2017இல் வெளிவந்த ‘சனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்’ என்னும் நூலின் பிற்சேர்க்கை, உண்மை உலகப் பண்பாடுகளின் பெயர்களை ஆடுவோர்க்குப் பட்டியலிட்டுத் தருகிறது. கெல்டிக், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், கிரேக்கம், நார்ஸ், ரோமன், ஸ்லாவிக், ஸ்பானியம் என ஐரோப்பாவுக்கு மட்டும் ஒன்பது பட்டியல்கள் உள்ளன. இந்தியாவுக்கு உள்ளது ஒன்று. ஆப்பிரிக்காவின் நூற்றுக்கணக்கான மொழிகளை உள்ளடக்கிய நைஜர்-காங்கோ குடும்பத்திற்கும் ஒன்றே.

இங்கு இழிவுபடுத்தும் சொல் எதுவும் இல்லை; எனினும் அளவில் ஏற்றத்தாழ்வு உள்ளது. நிலத்தால், குடியால், தொழிலால், உடைமையால், பண்பால் பெயர் அமையும் எனப் பெயரியல் வகுத்துக் காட்டுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே கொள்ளும் தமிழர் வழக்கும், குடும்பப்பெயரைப் பின்னே கொள்ளும் வங்காளியர் வழக்கும் ஒன்றல்ல. ஒரே பட்டியலில் இவ்வேறுபாடுகள் மறையும். ஜெர்மானியப் பாத்திரத்தையும் பிரெஞ்சுப் பாத்திரத்தையும் பெயராலேயே பிரித்தறியும் ஆட்டக்காரருக்கு, மதுரையாரையும் கொல்கத்தாவினரையும் பிரித்தறியும் வாய்ப்பு இல்லை.

முடிவுரை

2020இல் இவ்விளையாட்டின் பழைய நூல்களுடைய மின்பதிப்பு விற்பனைப் பக்கங்களில், அவற்றிலுள்ள இன, பண்பாட்டு முற்சாய்வுகள் பற்றிய குறிப்பு சேர்க்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது, எனினும் தவறான சொற்களை நீக்குவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. கடன்பெற்ற பெயர்களே கூடாது என்பதும் பொருந்தாது, டோல்கீனும் கடன்பெற்றவரே. பெயர் எவரைச் சுட்டுகிறது, அவரது வரலாற்றில் எதனை ஏற்று எதனை மாற்றுகிறது, எவருடைய வேறுபாடுகளைக் காத்து எவருடையவற்றைக் கலைக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஒரு புனைவு நாட்டின் தகுதியை மதிப்பிடல் இயலும்.