ஒரே பெயர், பல ஆட்கள்: நம் முதலெழுத்து வழக்கைப் பற்றி

உரும்பிராயில் சிவகுமாரன் என்று சொன்னால் யாரும் "எந்தச் சிவகுமாரன்?" என்று திருப்பிக் கேட்பதில்லை. 1974 ஜூன் 5ஆம் திகதி, 24 வயதுகூட நிறையாத நிலையில், பொலிசாரிடம் அகப்பட்டபோது சயனைட் அருந்தி உயிர்விட்ட பொன். சிவகுமாரனின் ஊர் அது. அவருடைய சிலையும் அங்கேதான் இருக்கிறது. அதே பெயரைக் கொழும்பில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் சொன்னால் நினைவுக்கு வருபவர் வேறொருவர். மட்டக்களப்பில் பிறந்து, வானொலியிலும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் பணியாற்றி, ஈழத்துத் தமிழ் எழுத்தைப் பல பத்தாண்டுகள் ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்து, 2022இல் மறைந்த திறனாய்வாளர் கே. எஸ். சிவகுமாரன். இந்த இருவரையும் ஏட்டில் பிரித்து நிறுத்துவது பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டொரு எழுத்துகள் மட்டுமே.

அந்த எழுத்துகளை நம்பித்தான் நாம் ஒரு சமூகமாக இத்தனை காலம் ஆட்களை அடையாளம் கண்டுவருகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரே பெயர் பலருக்கு அமைவது யாழ்ப்பாணத்தில் தற்செயல் அல்ல. பெயர்களை எடுத்த களஞ்சியம் சிறியது. ஊர்க்கோயில் சுவாமியின் பெயர், பேரனின் பெயர், பேர்த்தியின் பெயர், பிற்காலத்தில் நட்சத்திரத்துக்குரிய எழுத்து. கற்பகப் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கும் உரும்பிராயிலும், தெருவுக்கொரு பிள்ளையார் வீற்றிருக்கும் அயல் ஊர்களிலும் கணபதிப்பிள்ளைகள் பலர் இருந்தது இயல்பே. ஊருக்குள் அதனால் யாரும் இடர்ப்படவில்லை. வாத்தியார், பரியாரியார், விதானையார், ஓவசியர் என்று தொழில் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வெளியே போனால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஏட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து நின்றது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை முதலில் சொல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் குடும்பப் பெயர் நமக்கு இல்லை. ஆகவே ஒருவரின் பெயரைக் கேட்டவுடன் சாதியோ குலமோ வெளியே தெறிப்பதில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டில் அதைப் பின்பற்ற முடிந்ததற்கு ஒரு காரணம், பட்டத்தை வெட்டிய பிறகும் தகப்பன் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் முழுமையாக எஞ்சி நின்றன என்பதே. நம் வழக்கில் பெயர் என்றால் அந்த ஆளுக்கே இட்ட பெயர். ஐஸ்லாந்துக்காரர் தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் அடுக்கினார்கள். நம் மனமும் அப்படியே அடுக்குகிறது. செல்வநாயகத்தை நாம் 'செ'யில்தான் தேடுவோம்.

ஊர்ப்பெயரையும் முதலெழுத்துக்குள் அடக்கியவர்கள் உண்டு. உரும்பிராய்க்கு அணித்தான சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் 'சி' சிறுப்பிட்டி, 'வை' வைரவநாதர். ஏட்டுச் சுவடிகளிலிருந்து கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்த மனிதரின் பெயரில் அவருடைய ஊரும் தகப்பனும் கூடவே பயணம் போயிருக்கிறார்கள். உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையரும் அதே முறையில்தான் உ. வே. சா. ஆனார். இரண்டே எழுத்தில் ஊரும் தகப்பனும் அடங்குவது சிக்கனமான ஏற்பாடு, அழகானதும்கூட.

ஆனால் அந்த எழுத்தை விரிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பேசும். தெரியாதவரை அது பிழையான பக்கமும் திருப்பிவிடும். பொன். இராமநாதன், பொன். அருணாசலம், பொன். கந்தையா, பொன். சிவகுமாரன் என்று நான்கு பெயர்களை வரிசையாக அச்சிட்டால், இளம் வாசகர் இவர்களை ஒரே குடும்பத்தவர் என்று எண்ணக்கூடும். முதல் இருவர் உண்மையிலேயே உடன்பிறந்தோர், மானிப்பாய்ப் பொன்னம்பல முதலியாரின் மக்கள். 1956இல் பருத்தித்துறையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கம்யூனிஸ்ட் கந்தையாவுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. சிவகுமாரனின் 'பொன்.' பொன்னுத்துரை. உறவில்லாத இடத்தில் உறவைக் காட்டும் இந்தக் குறை, ஒரே ஆளை இரண்டாகவும் இரண்டு ஆட்களை ஒன்றாகவும் ஆக்கும் இடத்தில் இன்னும் கடுமையாகிறது.

இதற்குச் சிவஞானசுந்தரம் என்ற பெயரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஈழத்து நவீன இலக்கியத்தில் அந்தப் பெயரில் மூவர் இருக்கிறார்கள். மூத்தவர் த. சிவஞானசுந்தரம். ஏழாலையில் பிறந்தவர், அரசாங்க நிர்வாக சேவையில் இருந்தவர், சம்பந்தன், சி. வைத்திலிங்கம் ஆகியோருடன் சேர்த்து ஈழத்துச் சிறுகதையின் முன்னோடியாக எண்ணப்படுபவர், 1961இல் காலமானவர். இரண்டாமவர் சி. சிவஞானசுந்தரம். சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைக் கோட்டில் உயிர்ப்பித்து, 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கிப் பிற்பாடு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவர். மூன்றாமவர் செ. சிவஞானசுந்தரம். மருத்துவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர், 'மலைக்கொழுந்து' நாவலை எழுதியவர். ஒருவர் நிர்வாகி, ஒருவர் கேலிச்சித்திரக்காரர், ஒருவர் மருத்துவர். மூவரும் எழுத்தாளர்கள்.

வாசகர்கள் இவர்களை ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை. ஏனென்றால் மூவருமே தங்கள் பெயரைக் கைவிட்டு இலங்கையர்கோன், சுந்தர், நந்தி என்று ஆனார்கள். பெயர் தோற்ற இடத்தில் புனைபெயர் தாங்கியது. ஆனால் புனைபெயர் கதைக்கும் சித்திரத்துக்கும் மட்டுமே உதவும். நந்தி மருத்துவத் துறையில் எழுதியவற்றில் 'நந்தி' இருக்கமாட்டார். நூலகப் பட்டியலிலும் மலர்க் கட்டுரைகளின் அடியிலும் இந்த மூவரும் மறுபடியும் சிவஞானசுந்தரங்களாகத் திரும்பிவருகிறார்கள். அங்கே கேலிச்சித்திரக்காரரையும் மருத்துவரையும் பிரிப்பது 'சி'க்கும் 'செ'க்கும் இடையிலான வேறுபாடு. எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, அல்லது தலையில் ஒரு சுழி. அச்சுக்கோப்பவர் கை ஒருமுறை தவறினால் சவாரித் தம்பரைப் படைத்தவர் மருத்துவப் பேராசிரியர் ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் கொம்பும் சுழியும்கூட மிஞ்சுவதில்லை.

புனைபெயர் இல்லாதவர்களுக்குப் பட்டம் துணைக்கு வந்தது. க. கணபதிப்பிள்ளை, சி. கணபதிப்பிள்ளை என்ற இருவரும் ஒரே தலைமுறை, இருவரும் வாழ்நாளெல்லாம் தமிழ் படித்தவர்கள். முன்னவர் பல்கலைக்கழகப் பேராசிரியர், யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை மேடைக்குக் கொண்டுவந்து 'உடையார் மிடுக்கு' போன்ற நாடகங்களை எழுதியவர். பின்னவர் மட்டுவிலில் பிறந்து திருநெல்வேலியில் வாழ்ந்த சைவ, இலக்கிய அறிஞர். ஒருவர் 'பேராசிரியர்', மற்றவர் 'பண்டிதமணி'. இந்த இரண்டு சொற்களும் வாழும் காலத்தில் மரியாதைச் சொற்கள். இறந்த பின் ஆளைக் காட்டும் ஒரே கைப்பிடி. மரியாதையாக ஒட்டியதை அடையாளமாகப் பயன்படுத்துவதில் ஓர் அநியாயம் இருக்கிறது. பட்டம் கிடைக்காத மூன்றாவது கணபதிப்பிள்ளை, ஒரு நல்ல புத்தகம் எழுதியிருந்தாலும், பட்டம் பெற்ற இருவருக்குள் கரைந்துபோவார்.

புகழும் அதையேதான் செய்கிறது. செல்வநாயகம் என்றால் தந்தை செல்வா. 1951இல் வெளிவந்து பல தலைமுறை மாணவர் கைகளில் இருந்த 'தமிழ் இலக்கிய வரலாறு' நூலின் ஆசிரியர் பேராசிரியர் வி. செல்வநாயகத்தைத் தமிழ் படித்தவர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அரசியல் தலைவரின் பெயருக்கு முன்னாலும் கடைசியாக நிற்கும் எழுத்து 'வி'தான். இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் என்பதை அறிந்தவர்கள், அவருக்கு முன்னரே சிறுகதையில் இடம்பிடித்த சம்பந்தனை அறியமாட்டார்கள்.

இன்னொரு குறை இவற்றைவிட ஆழமானது. சிவகுமாரனின் 'பொன்.' தகப்பனைச் சொல்கிறது. தாய் அன்னலட்சுமியைச் சொல்லவில்லை. பெண்கள் சுடலைக்குப் போகாத வழக்கத்தை மீறித் திரளான பெண்கள் கலந்துகொண்டதாக நினைவுகூரப்படுவது சிவகுமாரனின் இறுதி ஊர்வலம். அந்த ஊரிலேயே, அந்த மகனின் பெயரிலேயே, தாய்க்கு ஓர் எழுத்துக்கூட இடமில்லை. எழுதும் பெண்களுக்கு இது இன்னும் கடுமை. கலியாணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின் கணவன் எழுத்து. ஒருத்தியே பட்டியலில் இருவர் ஆகிவிடுகிறாள். யாழ்ப்பாணத்தில் ஆண் கலியாணம் செய்து மனைவியின் சீதன வீட்டுக்குக் குடிபோவது பரவலான வழக்கம். பெண் பல வேளைகளில் பிறந்த ஊரிலேயே இருந்து எழுத்தை இழக்கிறாள், ஆண் எழுத்தை வைத்துக்கொண்டு ஊரை மாற்றுகிறான். ஆக, ஊரும் முதலெழுத்தும் இருவரையும் பாதிதான் காட்டுகின்றன. ஊர்ப்பெயர் வேறொரு கேள்விக்கும் கதவு திறந்துவிடும். "உரும்பிராயில் எவடம்?" என்ற விசாரிப்பு எங்கே போய் நிற்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெயரில் இல்லாத சாதியை ஊரின் வழியாகத் தோண்டி எடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

புலம்பெயர்ந்தபோது இந்த ஏற்பாடு மொத்தமாகக் கவிழ்ந்தது. விண்ணப்பப் படிவம் கடைசிப் பெயர் கேட்டது. தகப்பன் பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. வீ. ஆனந்தசங்கரி கிளிநொச்சி அரசியலில் அறியப்பட்டவர். அவருடைய மகன் கரி, 2015 முதல் கனடியப் பாராளுமன்றத்தில் ஆனந்தசங்கரி. இட்ட பெயராக இருந்தது குடும்பப் பெயராகிவிட்டது. இதில் தவறேதும் இல்லை. ஆனால் இதே மாற்றம் ஆயிரமாயிரம் வீடுகளில் யாரும் குறித்துவைக்காமல் நடந்திருக்கிறது. ஸ்காபரோவில் வளரும் பிள்ளையின் பெயரிலிருந்து உரும்பிராய்ப் பேரனைக் கண்டுபிடிக்க, இடையில் ஒருவர் வாய்திறந்து சொல்லவேண்டும்.

இத்தனைக்கும் ஆளை முழுமையாக எழுதும் முறை நம்மிடம் இல்லாமல் இல்லை. எந்த மரண அறிவித்தலையும் எடுத்துப் பாருங்கள். உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். அடைப்புக்குள் இளைப்பாறிய அதிபர் என்றோ சங்கக்கடை முகாமையாளர் என்றோ தொழில் வரும். அடுத்து, காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் மகன் என்று தகப்பனும் தாயும் சேர்ந்தே வருவார்கள். மனைவி, மனைவியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் பெயரோடு நிற்பார்கள். ஒரே பெயருள்ள நூறு பேரை இந்த ஒரு பத்தி குழப்பமின்றிப் பிரித்துவிடும். அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரில் வம்சாவளியே இருக்கும். உயிரோடிருந்து புத்தகம் எழுதியபோது ஒற்றை எழுத்தோடு விட்டுவிட்டு, இறந்த பிறகுதான் முழு விலாசமும் கொடுக்கிறோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பிறகு, எஞ்சியதைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இந்தக் குறை நாளாந்தத் தலையிடி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவருவது நல்ல முடிவு. முதலெழுத்துகளின் திறவுகோல் அவற்றில்தான் கிடக்கிறது.

முதலெழுத்தை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பப் பெயர் என்ற மேற்கத்திய ஏற்பாட்டைவிட அது நீதியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு புத்தகத்தின் உள்பக்கத்தில், ஒரு பாடசாலை மலரின் ஆசிரியர் குறிப்பில், ஒரு கோயில் வரலாற்றில், ஒரே ஒரு தடவை அந்த எழுத்தை விரித்து எழுதலாம்: தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு. இரண்டு வரிதான் பிடிக்கும். கலியாணத்துக்கு முன் வேறு பெயரில் எழுதிய பெண் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். உரும்பிராயிலிருந்து இனி வரும் மலர்கள் இதைத் தொடங்கினால், அடுத்த சிவகுமாரன் யார் என்று தேடுபவர் அவருடைய மரண அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியிராது.