விலை உயர்ந்த உருமாறும் பொம்மை: மாஸ்டர்பீஸ் வரிசை ஒரு மதிப்பீடு

உருமாறும் ரோபோ பொம்மை உலகப் புகழ் பெற்றது ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் கைவண்ணத்தால். டகாரா நிறுவனம் 1980இல் டயாக்ளோன் என்ற வரிசையையும் 1983இல் மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையையும் கொண்டுவந்தது. இவற்றில் இருந்த கார், லாரி, விமானம், கைத்துப்பாக்கி ஆகியவை சில மடிப்புகளில் மனித உருவில் எழுந்து நிற்கும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, பெயரும் கதையும் சூட்டி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என விற்றது. டயாக்ளோனின் சிவப்பு லாரி ஆப்டிமஸ் பிரைம் ஆனது; ஜப்பானில் அதன் பெயர் கான்வாய். அன்று அது சிறுவர் பொம்மை. அதை வைத்து விளையாடியவர்கள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பின், இருபதாம் ஆண்டையொட்டி 2003இல், அவர்களை நம்பியே மாஸ்டர்பீஸ் வரிசை தொடங்கப்பட்டது.

1984ஆம் ஆண்டுப் பொம்மைக்கும் கார்ட்டூன் படத்துக்கும் ஒற்றுமை குறைவு. ஓவியருக்குக் கீல், ஆணி, மடிப்பு என்ற கவலைகள் கிடையாது. லாரியின் பாதி எங்கே மறைகிறது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. பொம்மை செய்பவர் சொல்லியே ஆக வேண்டும். ஒரே பாகங்கள் லாரியாகவும் உருவமாகவும் அமைய வேண்டும், இரண்டும் படத்தில் உள்ளதுபோல் இருக்க வேண்டும் என்பதே மாஸ்டர்பீஸ் தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. அதை நிறைவேற்றும் முயற்சியில் ஆப்டிமஸ் பிரைமே மூன்று முறை புதிதாக வடிவமைக்கப்பட்டது.

முதலாவதான எம்.பி.-1 ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். வார்ப்பு உலோகம் தாராளம்; சக்கரங்கள் ரப்பர்; அடியில் வில் அமைப்பும் உண்டு. கையில் எடுத்தால் கனமே அதன் தரத்தைச் சொல்லும். ஆனால் டிரெய்லர் கிடையாது; 2006இல் எம்.பி.-4 என்ற மறுபதிப்பில்தான் அது வந்தது. இதே பொம்மையை ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் விற்றபோது, குழந்தைப் பாதுகாப்பு விதிகளுக்காகப் புகைக்குழாய்களைக் குட்டையாக்கியது. பெரியவர்களுக்கென்று செய்த பொருளுக்கு வந்த வேடிக்கையான விபத்து இது. எம்.பி.-1இன் பெரிய குறை வேறு. அந்த அளவுக்குப் பொருத்தமாக மற்ற கதாபாத்திரங்களையும் செய்தால் ஒவ்வொன்றும் பூதாகாரமாகிவிடும், விலையும் அப்படியே.

2011இல் வந்த எம்.பி.-10 இந்தச் சிக்கலைத் தீர்த்தது. உயரம் 25 செ.மீ. அளவுக்குக் குறைந்தது. தொடர்ந்து வந்த கார் ரோபோக்கள் இதற்குப் பக்கத்தில் நிறுத்தும் அளவில் செய்யப்பட்டன. தனிப் பொம்மைகளாக இருந்தவை ஒரு தொகுப்பாயின. டிரெய்லர் உடன் வந்தது. அதைத் திறந்தால் பழுதுபார்க்கும் தளமாக விரியும். உருமாற்றம் எளிது என்று சொல்ல முடியாது, ஆனால் தர்க்கம் உடையது. கால் ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எதற்காக உள்ளே போகிறது என்பது கைக்கு விரைவில் பழகிவிடும். பிறகு விளக்கத்தாள் வேண்டாம்.

2019இன் எம்.பி.-44 கார்ட்டூன் உருவத்தை இன்னும் நெருங்கியது. அலமாரியில் நிற்கும் எம்.பி.-44ஐத் திரையிலிருந்து இறங்கி வந்ததென்றே சொல்லலாம். அந்த ஒற்றுமைக்காக லாரியின் தகடுகள் பல சிறு துண்டுகளாகி, ஒன்றின்மேல் ஒன்றாக உடலுக்குள் மடிகின்றன. படிகள் பெருகின, ஒரு தகடு இம்மி பிசகினால் அடுத்தது பூட்டாது. விலையோ முந்தையதை வெகுவாகத் தாண்டியது.

பொறியியல் நோக்கில் இந்த வரிசையின் சாதனை பெரியது. வெளி ஓடுகளுக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், உரசும் மூட்டுகளுக்கு எளிதில் தேயாத பி.ஓ.எம். பிளாஸ்டிக், கனம் வேண்டிய இடத்தில் துத்தநாக உலோகக் கலவை என்று இடமறிந்து பொருள் தேர்ந்திருப்பார்கள். பாகங்களைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டும் குறுக்குவழியைக் கூடியவரை தவிர்த்திருப்பார்கள்.

ஆனால் உருமாறும் பொம்மையின் உயிர் உருமாற்றத்தில்தான் இருக்கிறது. விளையாட்டு நிகழ்வது இரண்டு வடிவங்களுக்கும் நடுவில். அரைமணி நேரம் அஞ்சி அஞ்சி மடக்க வேண்டிய பொருளை உடையவர் இரண்டு முறை மாற்றிப் பார்ப்பார். பிறகு ரோபோ நிலையிலேயே கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிடுவார். அங்கே நிற்பது சிலை. சிலைதான் வேண்டும் என்றால் அதைவிடக் குறைந்த விலையில், அதைவிட அழகாகக் கிடைக்கும். 2021இல் ரோபோசன் நிறுவனம் விற்ற ஆப்டிமஸ் பிரைம் இதற்கு எதிர்த்திசையில் போனது. 27 சர்வோ மோட்டார்கள், 699 டாலர் விலை. குரல் கொடுத்தால் தானே லாரியாகும், தானே எழுந்து நிற்கும். பார்ப்பவர் வாய்பிளப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கைக்கு அங்கே வேலையே இல்லை.

தமிழ்நாட்டு வாங்குபவருக்கு இந்தக் கணக்கு மேலும் கடினமாகிறது. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடைகளில் பெயரும் முத்திரையும் இல்லாமல் குவிந்த மலிவுப் பொம்மைகளைக் கட்டுப்படுத்த இரண்டும் தேவைதான். ஆனால் பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருளும் வரியில் அதே சுமையைத் தாங்குகிறது. அசலின் விலை எட்டாதபோது உரிமம் இல்லாத நகல் கண்ணில் படுகிறது. நகலின் வெளித்தோற்றம் ஏமாற்றும். பிளாஸ்டிக்கின் தரமும் மூட்டின் இறுக்கமும் வாங்கிச் சில மாதங்களில்தான் தெரியவரும்.

தமிழ்நாட்டிலேயே அரக்கோணம் பகுதிக்குப் பொம்மைத் தொழிலோடு ஒரு தொடர்பு உண்டு. ஊரின் பெரிய ஆலைகளுள் ஒன்று எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. அதே குழுமத்தின் பொம்மை நிறுவனமான ஃபன்ஸ்கூலுக்குக் கோவாவிலும், மாவட்டத் தலைநகரான ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து ஃபன்ஸ்கூல் இந்தியாவில் வார்த்த ஜி.ஐ. ஜோ வீரர் பொம்மைகளை, அவற்றின் விசித்திர வண்ணச் சேர்க்கைக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆகவே பொம்மை வார்க்கும் திறன் இங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. தடை கணக்கில் இருக்கிறது. மாஸ்டர்பீஸ் போன்ற பொம்மைக்கு நுணுக்கமான எஃகு அச்சுகள் பல வேண்டும். விற்பனையோ சாதாரணப் பொம்மையின் அருகில்கூட வராது. சீனாவிலும் வியட்நாமிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளை விட்டு அந்த வேலை இங்கே வரக் காரணம் இல்லை.

வெயில் இன்னொரு பிரச்சினை. கோடையில் 40 பாகையைத் தொடும் இந்தப் பகுதியில் சன்னலோர அலமாரி வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும். பி.வி.சி. பாகங்களில் கலந்திருக்கும் இளக்கிகள் வெப்பத்தில் கசிந்து, ஒட்டியிருக்கும் வேறு பிளாஸ்டிக்கை அரிக்கும். உலோகப் பளபளப்புக் கலந்த பொன்னிறப் பிளாஸ்டிக் சில பழைய பொம்மைகளில் தொட்டாலே பொடியாகும் அளவுக்கு நொய்ந்துபோயிருக்கிறது. உதிரிபாகம் தனியாகக் கிடைக்காது. தளர்ந்த பந்து மூட்டில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லப் பூசிக் காயவிட்டு இறுக்குவது சேகரிப்பாளர்களின் கைவைத்தியம். முறிந்த தகட்டுக்கு அதுவும் உதவாது. எடுத்து வைப்பவர்கள் மின்கலம் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும், உட்சுவர் அலமாரியைத் தேர வேண்டும்.

சேகரிப்பை முதலீடு என்று சொல்வோர் உண்டு. அந்த வாதம் வலுவற்றது. உற்பத்தி நின்றதும் விலை ஏறுவது உண்மை. நிறுவனம் அதே அச்சில் மறுபதிப்பு வெளியிட்ட நாளே அது இறங்கும், எம்.பி.-10 பல முறை மறுபதிப்பு கண்டது.

மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எம்.பி.-10ஐ வாங்கலாம். உருவ ஒற்றுமையில் எம்.பி.-44க்கும் கனத்தில் எம்.பி.-1க்கும் அது பின்தங்கியது. அச்சமின்றி எத்தனை முறையும் உருமாற்றக்கூடியது மூன்றில் அது ஒன்றுதான்.