பழைய விளையாட்டும் புதிய பதிப்பும்

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்துக் காணும் வழக்கம் தமிழில் தொல்காப்பியர் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. மரபியலில் அவர் வழிநூலையும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுத்துக் காட்டுகிறார். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் உரிய இப்பாகுபாடு திரையில் ஓடும் வீடியோ விளையாட்டுகளுக்குப் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நன்றாகவே பொருந்தும். இன்று அத்துறையில் விளையாடுவோரிடையே நடந்துவரும் ஒரு பெரிய வழக்கைத் தீர்க்க இதனினும் ஏற்ற அளவுகோல் கிடைப்பது அரிது.

வழக்கு இதுதான். 1990களிலும் 2000களிலும் வெளிவந்து புகழ்பெற்ற விளையாட்டுகளை அவற்றின் உரிமையாளர்கள் மீண்டும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். சில விளையாட்டுகள் படத்தின் தெளிவும் ஒலியும் மட்டும் திருத்தப்பெற்று வருகின்றன. ரீமாஸ்டர் எனப்படும் இவை மறுபதிப்புகள். வேறு சில அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டப்படுகின்றன. ரீமேக் எனப்படும் இவை மறுஆக்கங்கள். முன்னது பதிப்பாசிரியர் பணி. பின்னது வழிநூலாசிரியர் பணி. பதிப்பாசிரியர் தம் விருப்பத்திற்கு ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. வழிநூலாசிரியரோ மாற்றாவிட்டால் எழுதியே பயனில்லை. பழைய விளையாட்டில் தோய்ந்த ஒருவர் மறுஆக்கத்தைக் கண்டு, ஏன் மாற்றினீர்கள் என்று கொதிப்பதும், புதியவர் ஒருவர் மறுபதிப்பைக் கண்டு, ஏன் மாற்றவில்லை என்று சலிப்பதும் இவ்விரு பணிகளையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் வினை.

வழிநூலுக்குச் சிறந்த சான்று 'ரெசிடன்ட் ஈவில்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியிட்ட இவ்விளையாட்டை ஷின்ஜி மிக்காமி இயக்கினார். காட்டின் நடுவே தனித்து நிற்கும் ஒரு மாளிகை. அதனுள் நடமாடும் பிணங்கள். கையில் எண்ணி வைத்த தோட்டாக்கள். ஒவ்வோர் அறையையும் ஒரு நிலையான கோணத்திலிருந்தே பார்க்க முடியும் என்பதால், திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது காலடியோசையால்தான் தெரியும். ஒவ்வொரு கதவும் திறக்கும்போது திரை இருண்டு கதவு மட்டும் மெல்ல அசையும். அடுத்த அறையின் தரவுகளைக் குறுந்தட்டிலிருந்து படிக்கக் கருவி எடுத்துக்கொண்ட நேரத்தை மறைக்கச் செய்த உபாயமே அது. எனினும் அந்தச் சில நொடிக் காத்திருப்பு அச்சத்தை வளர்க்கும் உத்தியாகவே அமைந்துவிட்டது.

ஆறாண்டுகள் கழித்து, 2002இல், அதே மிக்காமி அதே விளையாட்டைக் கேம்கியூப் கருவிக்காக மீண்டும் ஆக்கினார். மாளிகை அதே மாளிகைதான். ஆனால் பழைய விளையாட்டை ஆடி முடித்தவர்கள்தாம் அதற்குள் முதலில் நுழைவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். பழையதில், குறுகிய நடைவழி ஒன்றில் முதல்முறை நடக்கும்போதே சன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். அந்தக் காட்சியை மறந்தவர் யாருமில்லை. புதியதில் அதே நடைவழியில் கால் வைப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறார், கண்ணாடியில் ஒரு கீறல் மட்டும் விழுகிறது, நாய்கள் வரவில்லை. அவர் அச்சம் தெளிந்து பிறிதொரு வேளை திரும்பி வரும்போதுதான் அவை பாய்கின்றன. இன்னொன்று. பழையதில் சுட்டு வீழ்த்திய பிணம் வீழ்ந்ததுதான்; அந்த வழி இனிப் பாதுகாப்பானது. புதியதிலோ தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் விடப்பட்ட பிணம் சில நேரம் கழித்து முன்னிலும் வேகமாக எழுந்து ஓடிவரும். எரிக்க வேண்டிய மண்ணெண்ணெயோ அளவாகவே கிடைக்கும். இவ்வாறு, விளையாடுபவரின் நினைவையே அவருக்கு எதிரான ஆயுதமாக மாற்றினார் மிக்காமி. வான்மீகியின் இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் செல்ல, கம்பன் அவளைப் பர்ணசாலையோடும் மண்ணோடும் பெயர்த்தெடுக்கச் செய்ததன் நயம், முன்கதை தெரிந்தவர்க்கே முழுமையாகப் புலப்படும். அத்தகைய நயமே இங்கும் செயற்படுகிறது.

'பைனல் பேண்டசி' வரிசையின் ஏழாம் விளையாட்டு இன்னும் துணிச்சலான வழக்கு. ஸ்குவேர் நிறுவனம் 1997இல் மூன்று குறுந்தட்டுகளில் வெளியிட்ட அதில் மாந்தர்களுக்கு வாயே வரையப்பட்டிருக்காது; கைகள் கட்டைத் துண்டுகள் போல் இருக்கும். பேச்சு முழுவதும் எழுத்தாகவே வரும். முதல் குறுந்தட்டின் முடிவில் ஏரித் என்னும் மலர் விற்கும் பெண் வாளுக்கு இரையாகும்போது, அந்தக் கட்டைக் கைகளுக்காக உலகெங்கும் இளையோர் கலங்கினர். குரலை அவர்களே மனத்துள் ஊட்டியிருந்தனர் என்பதே காரணம். 2020இல் வந்த மறுஆக்கம், மூலத்தில் சில மணி நேரமே ஆடக்கூடிய மிட்கார் நகரப் பகுதியை மட்டும் எடுத்து ஒரு முழு விளையாட்டாக விரித்தது. தொல்காப்பியரின் விரித்தல் என்னும் வகைக்கு இதைவிடப் பச்சையான உதாரணம் தேட வேண்டியதில்லை. விரித்த இடங்களில் பல வெறும் நீட்டல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காணாமற்போன பூனைகளைத் தேடும் ஏவல்களால் யாருக்கும் எதுவும் விளங்கிவிடவில்லை.

ஆயினும் அதன் மையத்தில் ஓர் அரிய எண்ணம் உள்ளது. கதை 1997இன் தடத்திலிருந்து விலக முனையும்போதெல்லாம் சாம்பல்நிற ஆவிகள் தோன்றி அதனைப் பழைய தடத்திற்கே தள்ளிவிடுகின்றன. விதியைக் காக்கும் அந்த ஆவிகள் வேறு யாருமல்லர். மூலத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று காவல் நிற்கும் பழைய அன்பர்களே. இறுதியில் மாந்தர்கள் அவற்றோடே போரிட்டு வெல்கின்றனர். 2024இல் வந்த அடுத்த பகுதி ஏரித்தின் இறப்புக் காட்சியையே ஐயத்துக்கு இடமாக்கி, நடந்ததா நடக்கவில்லையா எனத் தெளிவுறாதபடி அமைத்தது. இது பலரைச் சினங்கொள்ளச் செய்தது. சினம் இயல்பே, மூலத்தின் வலிமை அந்த இறப்பு திரும்பப்பெற முடியாதது என்பதில்தான் இருந்தது. ஆனால் 1997இன் விளையாட்டு புதிய கருவிகளிலும் விற்பனையில் இருந்துவருகிறது. ஏரித்தின் இறப்பை உள்ளவாறே காண விரும்புவோர் அங்கே சென்று காணலாம். முதல்நூல் கையில் இருக்கும்வரை வழிநூல் எத்துணை உரிமை எடுத்துக்கொண்டாலும் இழப்பு ஏதுமில்லை.

பதிப்பாசிரியர் பிழைத்தால் நேர்வது வேறு. 2001இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'சைலன்ட் ஹில் 2' மூடுபனியால் ஆன ஒரு படைப்பு. இறந்து மூன்றாண்டுகளான மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி ஜேம்ஸ் என்பவன் ஓர் ஏரிக்கரை ஊருக்கு வருகிறான். எங்கும் பனி. வரிசையின் முதல் விளையாட்டில், 1999இல், தொலைவிலுள்ள கட்டடங்களை வரையக் கருவிக்கு ஆற்றல் போதாததால் போர்த்தப்பட்ட திரை அது. இரண்டாவதில் அதுவே தன் குற்றத்தைத் தானே காண மறுக்கும் ஒருவனின் மனநிலையாக உயர்ந்தது. 2012இல் இதன் மறுபதிப்பு வந்தபோது, முடிவான நிரல் பாதுகாத்து வைக்கப்படாமையால், முற்றுப்பெறாத நிரலைக் கொண்டே அப்பணியைச் செய்ய நேர்ந்தது. பனி மெலிந்தது. அதன்பின் மறைந்திருந்த வெறுமையும் உலகின் ஓரமும் அப்பட்டமாயின. பழுதடைந்த மரப்பலகையில் இருந்த எழுத்துகள் சிறுவர் துண்டறிக்கைக்கு உரிய கணினி எழுத்தாக மாறியிருந்தன.

தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதிதன்று. கறையானுக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் இரையான ஏடுகளின் வரலாறு அவர்கள் படித்ததே. சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், சிதைந்த பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டவர். தமக்கு விளங்காத இடத்தை வழுவழுப்பாக்கி விடுவது அவர் வழக்கமன்று. நூற்றாண்டுகளைக் கடந்த ஓலைக்குக் கிடைத்த அந்த மதிப்பு, பதினோராண்டே கடந்த ஒரு நிரலுக்குக் கிட்டவில்லை. பனியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் நிறுவனத்தாரும் அல்லர். பழைய கணினிப் பதிப்பை வைத்துக்கொண்டு ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்த அன்பர் குழு ஒன்றே அதனைச் செய்தது. 2024இல் போலந்தின் புளூபர் டீம் என்னும் நிறுவனம் ஆக்கிய மறுஆக்கம் மதிக்கத்தக்க வழிநூல். கண்ணுக்கெட்டாத கோணங்களைக் கைவிட்டு ஜேம்ஸின் தோளின் பின்னால் நின்று பார்க்க வைக்கிறது. பனியையும் காற்றோடு அசையும் பொருளாக்கியிருக்கிறது. ஆயுதம் பிடிக்கத் தெரியாத எளியவன் என்னும் தன்மை மட்டும், சண்டைகள் பெருகியதால், சற்றே மங்கியிருக்கிறது. ஒப்பிட்டு மகிழலாம் என்றால், அது வெளிவந்தபோது 2001இன் மூலம் புதிய கருவிகள் எதற்கும் விற்பனையில் இல்லை.

2021இல் வெளிவந்த 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' மூன்று விளையாட்டுகளின் தொகுப்பு இவ்வகைப் பிழைகளுக்கெல்லாம் கண்காட்சி. முடிவான பதிப்பு என்பது அதன் தலைப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. 2004இன் 'சான் ஆன்ட்ரியாஸ்' நாட்டுப்புறச் சாலைகளையும் மூன்று நகரங்களையும் கொண்ட ஒரு மாநிலமாகத் தோன்றியது. தொலைவை மறைத்த மங்கலே அத்தோற்றத்தைத் தந்தது. மங்கல் நீங்கியதும் மலையுச்சியில் நிற்பவர்க்கு அம்மாநிலம் முழுவதும் ஒரு பொம்மை மேசைபோலக் கண்ணுக்குள் அடங்கிவிட்டது. கடைப் பலகைகளைக் கணினிப் பொறியே தெளிவாக்கியதால் எழுத்துப்பிழைகள் முளைத்தன. டோனட் விற்கும் கடையொன்றின் மேல், பெயரோடு சிலேடையாக, ஆறு பக்கங்கள் கொண்ட இரும்பு நட்டு ஒன்று நின்றிருந்தது. முனைகளையெல்லாம் மழுக்கி உருட்டும் நடைமுறையில் அதுவும் உருண்டுவிட்டது. சிலேடை போயிற்று, அது சிலேடை என்று அறிந்தவர் ஒருவரும் அந்தப் பணியைக் கண்காணிக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று.

இவையெல்லாம் நகைத்துவிட்டுப் போகத்தக்கவை. நகைக்க முடியாதது வேறொன்று. புதிய தொகுப்பு வருமுன்பே பழைய மூன்றும் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. எதிர்ப்பு எழுந்தபின் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கோரிப் பழைய கணினிப் பதிப்புகளைத் தன் கடையில் மீண்டும் வைத்தது. 2024 நவம்பரில் பழைய ஒளியமைப்பையும் திருத்தமாகச் சேர்த்தது. திருத்தியது நன்றே. ஆனால் எதிர்ப்பு எழாதிருந்தால்? 2002இன் 'வார்கிராப்ட் 3' 2020இல் புதுப்பிக்கப்பட்டபோது, பழையதை வாங்கி வைத்திருந்தவர்களும் இணையவழி ஆடப் புதிய நிரலையே ஏற்க வேண்டியிருந்தது. புத்தகக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, அலமாரியில் இருந்த பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துச் செல்வதற்கு ஒப்பானது இது.

பழையவை இன்றைய இளையோர்க்கு ஆடக் கடினமானவை, ஆகவே அவற்றைக் காப்பதில் பயனில்லை என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் பாதி உண்மை. 1996இன் மாளிகையில் ஒரு மனிதனைத் திருப்புவதற்குள் இக்காலத்துச் சிறுவன் பொறுமையிழப்பான். ஆயின், சங்கப் பாடலும் உரையின்றி விளங்காதது என்பதற்காக உரையை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டைக் கைவிட்ட ஆசிரியர் உண்டா? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 100க்கு 87 இன்று எவ்வடிவிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மறுஆக்கம் என்னும் பேறு பெறுபவை புகழ்பெற்ற சிலவே. எஞ்சியவற்றுக்கு ஏடும் இல்லை, உரையும் இல்லை. (கிடைப்பதிலும் செயற்கையான தட்டுப்பாடு ஏற்படுத்துவோர் உளர். நின்டெண்டோ தன் மூன்று பழைய மரியோ விளையாட்டுகளின் தொகுப்பை 2020 செப்டம்பர் முதல் 2021 மார்ச்சு வரை மட்டுமே விற்றது.)

இந்நிலையில் கேப்காம் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. 2002இன் 'ரெசிடன்ட் ஈவில்' தெளிவு கூட்டப்பெற்று 2015இல் வந்தது. அதனோடு பழையதன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2024இல், பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி என்னும் இணையக் கடையின் வழியாக, முதல் விளையாட்டின் பழைய கணினிப் பதிப்பு மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதன் கட்டைக் கைகளும் நாடகப் பாங்கற்ற குரல்களும் அப்படியே உள்ளன. மாணவர் ஒருவர் முதல்நூலையும் வழிநூலையும் ஒரே மேசையில் வைத்து, அதே நடைவழியில் இரண்டு முறை நடந்து பார்க்கலாம். ஒன்றில் சன்னல் உடையும். மற்றொன்றில் கீறல் மட்டும் விழும்.