சாரையின் சகவாசம்

நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில், அறுவடை முடிந்து மூட்டைகள் வீடு சேர்ந்ததும், அவற்றை நாடி எலிகளும், எலிகளை நாடிச் சாரைப்பாம்பும் வந்து சேர்வது இயற்கையின் நியதியேயன்றி, எவருடைய தோஷத்தின் பலனும் அன்று. இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அந்த ஜீவன், விஷமென்பதே இல்லாதிருந்தும், வளைக்குள்ளேயே புகுந்து குஞ்சுவரை எலிகளைத் தீர்த்துவிடும் சாமர்த்தியத்தை எந்தப் பூனையிடமும் காண முடியாது.

வரப்போரத்தில் இரு பாம்புகள் தலைதூக்கிப் பின்னிக்கொள்வதைச் சாரையும் நாகமும் கூடுவதாக நம் ஜனங்கள் பக்தியோடு பார்ப்பார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் தம் பலத்தைப் பரீட்சித்துக்கொள்ளும் மல்யுத்தம். ஒன்று களைத்து விலகும்வரை நடக்கும் அந்த லாவகத்துக்கு ஈடான காட்சி கிராமத்தில் அபூர்வம்.

ஆயினும், விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனும் கொடிய கட்டுவிரியனும் இருட்டில் ஒன்றுபோலவே தோன்றுமாதலால், இனம் தெரியாத எதையும் தொடாமல் விலகி நிற்பதும், இரவில் விளக்கோடு நடப்பதும், கடிபட்டால் மந்திரிக்க ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு விரைவதும் அவசியம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கு அபயமளித்திருக்கிறது. வைக்கோற்போரடியில் அதைக் கண்டால் தடியைத் தேடாதீர்கள். ஒதுங்கி வழிவிடுங்கள், அது தானே போய்விடும்.