கயிறு பிடித்த தாளம்

பியானோவோ மிருதங்கமோ இல்லாமல் நிற்கிற பாட்டு ஒன்று உண்டு. பழவேற்காடு தொடங்கித் தெற்கே நெடுகிலும் வலை இழுப்பவர்கள் பாடும் ஏலேலோப் பாட்டுதான் அது. ஈழத்துக் கடலோரத்தில் அம்பா என்பார்கள். முன்னால் நிற்பவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்கிறார். உப்புக்காற்றில் உரசிய, கொஞ்சம் பிசிறடிக்கிற குரல். அந்தப் பிசிறுதான் அலைச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கிறது. அடியின் இழுவையில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். 'ஐலசா' விழும்போது குதிகால் மணலில் புதைகிறது, நனைந்த கயிறு முறுகி விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது. மூச்சை எங்கே விடுவது என்று பாட்டே சொல்லிவிடுகிறது.

முன்பாட்டுக்காரரின் சாமர்த்தியம் இதில்தான்: நீரோட்டம் வலையைப் பின்னுக்கு இழுத்தால் அடியை நீட்டுவார், பாரம் குறைந்தால் சுருக்குவார். நடுவில் சாமியும் வரும், சோம்பேறி ஒருவனைப் பற்றிய கிண்டலும் வரும். சிரித்தாலும் பிடி தளராது. கரைவலையில் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். தள்ளித் தள்ளி நின்று வேறு வேறு வேகத்தில் பாடிக்கொண்டிருப்பவர்கள் நெருங்கி வர வர, இரண்டு பாட்டும் முட்டிக்கொண்டு பிறகு ஒன்றாகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அந்த முட்டல்தான். எந்தக் கச்சேரியிலும் அதைத் தவறு என்பார்கள். மீன் சேர்ந்த வலையின் மடி கரை தொட்டதும் பாட்டு பாதி அடியில் நிற்கும். முடிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? மீனைத் தரம் பிரிக்க வேண்டும், விலை பேச வேண்டும்.