பதினஞ்சாவது நாள் வீடியோவைக் காணோம்

தெள்ளுப்பூச்சியை விரட்டுவது எப்படி என்று தமிழில் சொல்லித்தரும் வீடியோக்கள், வாட்ஸ்அப் குறிப்புகள், வார இதழ்த் துணுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தனி வகைமையாக எடுத்துக்கொண்டே விமர்சனம் எழுதலாம். சிரிக்காதீங்க. சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் ஒரு வடிவம் இருக்கிற மாதிரி இதுக்கும் இருக்கு. ஒரு நாய் சொறிந்துகொண்டே இருக்கும். அடுக்களையிலிருந்து ஒரு பொருள் வரும்: வேப்பிலை, உப்பு, கற்பூரம், வினிகர், பூண்டு, எலுமிச்சை. "ஒரே நாளில்" என்ற வார்த்தை கட்டாயம் உண்டு. அப்புறம் குளியல். செத்து விழுந்த பூச்சிகளின் குளோசப். சுபம்.

என் குறை ஒன்றுதான். எல்லாமே முதல் நாள் சாயங்காலத்தோடு முடிந்துவிடுகின்றன. அதே நாயை, அதே வீட்டில், பதினைந்தாவது நாள் எடுத்துக் காட்டிய வீடியோவை நான் இதுவரை பார்த்ததில்லை. தெள்ளுப்பூச்சி விவகாரம் முழுக்க அந்தப் பதினைந்து நாளுக்குள்ளும் அதற்குப் பிறகும்தான் நடக்கிறது.

அதற்குள் போவதற்கு முன்னால் பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் "உண்ணி" என்று இருக்கும், படத்தில் குதிப்பது தெள்ளு. அல்லது நேர்மாறாக. உண்ணிக்கு எட்டு கால் (குட்டிப் பருவத்தில் ஆறு), குதிக்காது, காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து மிளகு, பட்டாணி மாதிரி உப்பும். முட்டையிடச் சுவர் வெடிப்பைத் தேடிப் போகும். தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் அழுத்தி நசுக்கியது போல ஒல்லியாக இருக்கும், முடிக்குள் ஓடும், தாண்டிக் குதிக்கும். பேன் இன்னொரு ஜீவன். நம்ம பேச்சுவழக்கில் மூன்றுக்கும் "உண்ணி" என்றே பல பேர் சொல்கிறோம். பேச்சில் அதனால் நஷ்டமில்லை. மருந்துக்கடையில் உண்டு. "உண்ணி மருந்து" என்று கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்று அமிட்ராஸ். உண்ணிக்கு அது நன்றாக வேலை செய்யும். தெள்ளுக்குப் பெரிதாகப் பயன் கிடையாது. பூனைக்கு ஆகவே ஆகாது. ஒரு வார்த்தை தப்பினால் காசும் போய், பூனையும் நடுங்கிக்கொண்டு கிடக்கும். சரியான பெயரைச் சொல்வது இந்த வகைமையின் முதல் கடமை, அதையே பெரும்பாலானவை செய்வதில்லை.

சரி, இப்போ பூச்சிக்கு வருவோம். நாயின் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான், டெனோசெஃபாலைடிஸ் ஃபெலிஸ். நம்ம ஊர் நாய்களில் அதன் நெருங்கிய சொந்தமான ஓரியன்டிஸ் என்ற இனமும் நிறைய உண்டு. வளர்ந்த பூச்சி, உடம்பில் ஏறிய சில நிமிடங்களிலேயே ரத்தம் குடிக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் பெண் பூச்சி முட்டையிட ஆரம்பிக்கும், நாளொன்றுக்கு 40, 50 வரை. முட்டை ஒட்டும் தன்மை இல்லாதது. பேன் ஈறு மாதிரி முடியைப் பிடித்துக்கொண்டு இருக்காது. உப்புத்தூள் போலக் கொட்டிவிடும். நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் தூவிவைத்த மாதிரி. சில நாளில் முட்டை பொரிந்து, வெளிச்சத்துக்குப் பயப்படும் மெல்லிய புழு வரும். அது கடிக்காது. அதன் முக்கியமான சாப்பாடு, மேலிருந்து பெரிய பூச்சிகள் போடும் கழிவு, அதாவது காய்ந்த ரத்தம். புழு பட்டுக்கூடு கட்டும், கூட்டில் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் கண்ணில் படாது. உள்ளே தயாராகிவிட்ட பூச்சி உடனே வெளியே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. அதிர்வு, உடல்சூடு, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஏதாவது கிடைக்கும் வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். நம்ம சூடு, ஈரத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை மொத்தச் சுற்றும் மூணு வாரத்தில் முடிந்துவிடலாம்.

லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு பத்து நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் காலெல்லாம் கடி என்று சொல்வார்களே, அதற்கு விளக்கம் இதுதான். வீடு பூட்டிக்கிடந்தபோது பூச்சி பெருகவில்லை. பெருக ரத்தம் வேண்டும். கூட்டுக்குள் வரிசையில் நின்றவை நம்ம காலடி அதிர்ந்ததும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன, அவ்ளோதான்.

இந்தச் சுற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவைத் திரும்பப் பாருங்கள். குளிப்பாட்டியதும் பூச்சி சாவது உண்மை. சோப்புத் தண்ணீர் எதுவாக இருந்தாலும் கணிசமான பூச்சி சாகும், அல்லது அடித்துக்கொண்டு போகும். வேப்பிலை போட்டாலும் போடாவிட்டாலும். ஆனால் செத்தது அன்றைக்கு நாயின் மேல் இருந்த கூட்டம் மட்டும். கால்மிதிக்குள் இருக்கும் முட்டைக்கும் கூட்டுக்கும் குளியல் நடந்ததே தெரியாது. நாளைக்குக் கூடு உடைத்து வருபவை காய்ந்த, சுத்தமான, வாசனையான நாய் மேல் ஏறும். வீடியோவுக்குக் கீழே "ரெண்டு நாள்ல மறுபடி வந்துடுச்சு ப்ரோ" என்று ஒருவர் புலம்பியிருந்தால் அது அவர் தப்பு இல்லை. அதற்கு "இன்னும் கொஞ்சம் வேப்பிலை சேருங்க" என்று பதில் வந்தால், எரர் மெசேஜை மறைத்துவிட்டு டிக்கெட்டை மூடுகிற வேலைதான் அது. என் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

இதில் நுட்பமான ஏமாற்று ஒன்றும் இருக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நாம் வைத்தியம் தேடுவது எப்போது? தொல்லை உச்சத்தில் இருக்கும்போது. கூடுகளிலிருந்து பூச்சி வருவது ஒரே சீராக இருக்காது, அலையாக வரும், அலையாக வடியும். உச்சத்தில் எதைச் செய்தாலும் அடுத்த சில நாளில் கொஞ்சம் குறைய வாய்ப்பு அதிகம். புழுவுக்கு ஈரம் வேண்டும், காற்றும் மண்ணும் காய்ந்துபோகும் நாட்களில் தானாகவே குறையும். அந்த நேரத்தில் என்ன செய்தோமோ அதற்குப் பாராட்டு போய்விடும். ஒருவருக்கு உப்பு, ஒருவருக்குக் கற்பூரம். எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், "எங்க வீட்ல கேட்டுச்சு" என்று. அந்த உண்மையால் எதையும் நிரூபிக்க முடியாது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஒரே தரமில்லை. விளக்குக்குக் கீழே தட்டில் சோப்புத் தண்ணீர் வைப்பது நல்ல யோசனை, ஆனால் ஒழிப்பதற்கு இல்லை, எண்ணுவதற்கு. தட்டில் விழுவது வளர்ந்த பூச்சியில் ஒரு பங்கு. நேற்றைக்கு எத்தனை, இன்றைக்கு எத்தனை என்று பார்க்கத் தோதான கருவி. உப்பைத் தரையில் தூவுவது புழுவை உலர்த்திக் கொல்லும் என்பது கணக்கு. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரக் காற்றில் உப்பே தண்ணீரை இழுத்துக் கசியும். அது எதை உலர்த்தப்போகிறது? வேம்பு விஷயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள்தான். ஆனால் அது அதிகம் இருப்பது கொட்டையில், இலையில் இல்லை. வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதையும். இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் எவ்வளவு மிஞ்சும் என்று எந்த வீடியோவும் கேட்டுக்கொள்வதில்லை. சாம்பிராணி, வேப்பிலைப் புகை மேலே போகும். புழு கீழே, இடுக்கில். தீவனத்தில் ஈஸ்ட் கலந்து கொடுப்பது வெளிநாட்டிலிருந்து வந்த குறிப்பு. நாய்களில் அதைச் சோதித்து 1983இலேயே பலன் இல்லை என்று எழுதிவிட்டார்கள். குறிப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வீண் வேலை வகை. விட்டுவிடலாம். விடமுடியாத வகை ஒன்று இருக்கு.

பூண்டு, வெங்காயக் குடும்பம் முழுக்க, நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். ஏற்கெனவே தெள்ளு ரத்தம் குடித்துச் சோகையாகிக் கிடக்கும் குட்டிக்குப் பூண்டு கொடுப்பது எப்படிப்பட்ட வைத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவச் சொல்கிறார்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மனுஷக் குழந்தைக்கே வரும். டீ ட்ரீ ஆயில் அதே ரகம். எல்லாவற்றையும்விட ஆபத்து, நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தையோ மாட்டுக்கு அடிக்கும் மருந்தையோ "கொஞ்சமா" பூனைக்குப் போடுவது. நாயின் ஈரல் சமாளிக்கும் இந்தப் பொருளைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடிவதில்லை. நடுக்கம், வலிப்பு, பல சமயம் சாவு. "இயற்கை", "கெமிக்கல்" என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசும் இந்த வகைமையில், எந்தப் பிராணிக்கு எது விஷம் என்ற கேள்வி இரண்டு கட்சியிலும் காணாமல் போகிறது. விமர்சனத்தில் கடுமையாக இருக்கவேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பையும் விட்டுவைக்க வேண்டாம். கம்பெனிகளின் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வட்டப்படம் தவறாமல் இருக்கும்: முட்டை 50 சதவீதம், புழு 35, கூடு 10, வளர்ந்த பூச்சி 5. சொல்லவரும் கருத்து சரி, கண்ணில் படுவது சிறு பங்குதான். ஆனால் அது ஒரு தோராயம். உங்க வீட்டில் தொல்லை தொடங்கி எத்தனை நாள், ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். அதை அளந்து எடுத்த எண் போல அச்சடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் விலைப்பட்டியல் போடுவது எனக்கு உறுத்துகிறது.

இந்தத் துறையில் எல்லாரும் போய் நிற்கும் கட்டுரை மைக்கேல் ரஸ்டும் மைக்கேல் டிரைடனும் 1997இல் எழுதியது. நல்ல கட்டுரை. டிரைடன் செய்த வேலையால்தான், வளர்ந்த தெள்ளு ஏறி இறங்கி விளையாடுவதில்லை, ஏறிய பிராணி மேலேயே வாழ்நாளைக் கழிக்கிறது என்பது தெளிவானது. இதன் பலன் பெரியது. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலாமெக்டின் மாதிரி மருந்து நாய் மேல் இருந்தால், புதிதாக ஏறும் பூச்சி முட்டையிடுவதற்கு முன்னாலேயே சாகும். அப்போ வீட்டைப் புகையடிப்பதைவிட நாயையே பொறியாக மாற்றிவிடலாம். வீட்டில் இருக்கும் எல்லாப் பிராணிக்கும், எடைக்குத் தகுந்த அளவில், மருத்துவரைக் கேட்டு, குறைந்தது மூணு மாசம் விடாமல். நடுவில் பூச்சி தென்பட்டால் மருந்து தோற்றதாக அர்த்தமில்லை, பழைய கூடுகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. சமீபத்திய மாத்திரைகளில் ஐசாக்சசோலின் வகை நன்றாக வேலை செய்கிறது. வலிப்பு வர வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க எஃப்டிஏ 2018இல் எச்சரித்திருக்கிறது, முன்பே வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் சொல்லியாகணும்.

ஆனால் அந்த ஆராய்ச்சிகளின் மனசுக்குள் இருக்கும் வீடு, சுவரிலிருந்து சுவர் வரை கார்ப்பெட் போட்ட அமெரிக்க வீடு. 2007இல் ஹிங்க், நீதம் இருவரும் வாக்குவம் கிளீனரே வளர்ந்த பூச்சியில் சராசரி 96 சதவீதத்தையும், இளம் பருவத்தில் அத்தனையையும் கொன்றுவிடுகிறது என்று காட்டினார்கள். அழகான சோதனை. நம்மகிட்ட டைல்ஸ் தரை, துடைப்பம், மாப். அந்தச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்துத் தருபவர்கள் நம்ம வீட்டில் புழு எங்கே இருக்கும் என்று குனிந்து பார்ப்பதில்லை. கால்மிதி, நாய் படுக்கும் சாக்கு, சோபாவின் அடிப்பக்கம், கட்டிலுக்குக் கீழே சேரும் தூசி, மாடிப்படிக்கு அடியில் தெருநாய் தோண்டிப் படுக்கும் நிழல் மண். வெயில் நேரடியாக அடிக்கும் மண்ணில் புழு பிழைக்காது, நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான். சாக்கையும் விரிப்பையும் வாராவாரம் கொதிக்கும் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப்போடுவது, வாக்குவம் இல்லாத வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை. பாயை வெயிலில் போடும் பாட்டிகளுக்குத் தெள்ளின் வாழ்க்கைச்சுற்று தெரியாமல் இருந்திருக்கலாம். வெயில் அதைப் பார்த்துக்கொண்டது.

எந்த வீடியோவிலும் அதிகம் வராத இரண்டு எளிய விஷயம். ஒன்று, பேன் சீப்பு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும். வாலடி, கழுத்து, தொடை இடுக்கில் வாரி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் தட்டவும். மருந்து போட வயசாகாத குட்டிக்குப் பாதுகாப்பான வழி இதுதான். இரண்டாவது, சீப்பில் வரும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைப்பது. சிவப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு. கரையாவிட்டால் வெறும் மண். பூச்சி கண்ணில் படாத பூனைக்கும் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும், ஏன்னா பூனை பாதிப் பூச்சியை நக்கியே விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய பூச்சி வழியாகத்தான் நாடாப்புழுவும் வருகிறது. குடற்புழு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

யாராவது இதைப் படித்துவிட்டு வீடியோ எடுப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பொருள் வேப்பிலையோ சொட்டு மருந்தோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒரே நாய், ஒரே சீப்பு, அஞ்சு நிமிஷம் வாரல், முதல் நாள், ஏழாம் நாள், பதினஞ்சாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் எண்ணிக்கை. தெருப்பூனைகள் வந்துபோகும் வீடு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இசை, குளோசப் வேண்டாம், அஞ்சு எண் மட்டும் போதும். லிங்க் அனுப்புங்க, இங்கேயே போடுகிறேன்.