எட்டுத் தலைமுறை விடுகதை

கல்லூரி விடுமுறைக்கு என் மருமான் வந்துவிட்டால் சாயங்காலங்களில் எனக்குப் புஸ்தகம் படிக்க முடியாது. இந்தத் தடவை மோட்டார் விடுகதையோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, ஒரு வேகக் கார். எட்டுத் தலைமுறை கண்டது. என்ன கார், சொல்லுங்கள் பார்ப்போம்!"

"போர்ஷ் 911" என்றேன்.

"இல்லை!" என்று கைகொட்டிச் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1963ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் தலைகாட்டிய அந்தக் காருக்கும் எட்டுத் தலைமுறை என்றுதான் கணக்குச் சொல்லுகிறார்கள். இரண்டு விடைக்குப் பொருந்துகிற குறிப்பு குறிப்பே அல்ல. துப்பறியும் நாவலில் கொலையாளி மீசை வைத்தவன் என்று சொல்லி, ஊரில் பாதிப் பேருக்கு மீசை வைத்துவிட்டால் வாசகன் சும்மா இருப்பானா?

பையன் அடுத்ததை எடுத்தான். "முதல் வருஷம் செய்தது முந்நூறே முந்நூறு. அத்தனையும் வெள்ளை நிறம்."

இது போர்ஷை விலக்கிவிடுகிறது, சரி. ஆனால் தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவன் எத்தனை யோசித்தாலும் தெரியாது. இதைப் பரீட்சைக் கேள்வி என்று சொல்லலாம். விடுகதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது குறிப்பில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தலைமுறை பிறந்த 1963ல் மட்டும் பின்பக்கக் கண்ணாடியின் நடுவே முதுகெலும்பு போல ஒரு தண்டு ஓடியதாம். உருவம் வரைந்தவருக்கு அது அழகு. எஞ்சினீயருக்கோ, பின்னால் வருகிறவனை மறைக்கிற தொல்லை. மறுவருஷமே தண்டு போய்விட்டது. இதிலே இரண்டு மனிதர்களும் ஒரு சண்டையும் இருக்கின்றன. கதை தொடங்கிவிட்டது.

நாலாவது இன்னும் மேல். மூன்றாம் தலைமுறை 1982ல் முடிந்தது. நாலாவது 1984 மாடலாக விலைக்கு வந்தது. நடுவில் 1983க்கு என்று ஒரு கார்கூட விற்கவில்லை. சோதனைக்குச் செய்தவற்றில் ஒன்றே ஒன்று மிஞ்சிக் கெண்டக்கி மாகாணத்து மியூஸியத்தில் நிற்கிறது. இருப்பதைச் சொல்லி அடையாளம் காட்டுவது சுலபம்; இல்லாததைச் சொல்லிக் காட்டுவதற்கு ரஸனை வேண்டும்.

"கடைசிக் குறிப்பு, மாமா. ஏழு தலைமுறையும் முன்னால் இருந்த எஞ்சின், 2020ம் வருஷத்து எட்டாம் தலைமுறையில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது."

"செவர்லே கார்வெட்!"

ஜயித்தது நான்தான். ஆனால் பையன் விடவில்லை. "எஞ்சினே இடம் மாறின பிறகு அது அதே கார்தானா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. 2014 மாடலில், பல காலமாக இருந்துவந்த வட்டமான பின்விளக்குகளை எடுத்தபோதே பழைய ரஸிகர்கள் முணுமுணுத்தார்கள். ஜனங்கள் முகஜாடையைத்தான் பரம்பரை என்று நினைக்கிறார்கள். கார்வெட்டை வளர்த்த எஞ்சினீயர் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ் அப்படி நினைக்கவில்லை. எஞ்சின் நடுவில் இருக்கவேண்டும் என்று 1960களிலேயே அதற்கான பரீக்ஷை வண்டிகளைச் செய்துபார்த்தார். கம்பெனி சம்மதிக்கவில்லை. 1975ல் ஓய்வு பெற்றார், 1996ல் காலமானார். அவர் கேட்டது அவர் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை.

மூன்று தலைமுறை நாவல் படித்தவர்களுக்கு இது புரியும். தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வராமல் போகலாம். தாத்தா மனசுக்குள் வைத்துக்கொண்டே போன காரியத்தைப் பேரன் செய்தானானால், அவன் அந்த வீட்டுப் பிள்ளை என்பதில் சந்தேகம் என்ன? அதே கார்தான் என்று பையனிடம் சொன்னேன்.

என் குறை ஒன்றே. இவ்வளவு குறிப்புச் சொன்னவன் டன்டோவை விட்டுவிட்டான். அடுத்த விடுமுறையில் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, அந்த மனுஷரிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.